கொழுப்புக்கு ஒரு மெல்லிய சிவப்பு

என் அக்கா வீட்டுக்காரரை அவர் வேலை பார்த்த உணவகத்தில் எல்லோரும் மூக்கண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிது என்பதற்காக இல்லை. பார்த்தால் சாதாரண மூக்குதான். ஆனால் இருபத்தாறு வருஷம் அவர் அந்த மூக்கை வைத்துத்தான் பிழைத்தார். ஒயின் பாட்டிலைத் திறந்து, தக்கையை முகர்ந்து, கோப்பையில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, மூக்கருகே கொண்டுபோய், சரியாக இருக்கிறது என்றோ இது வேண்டாம் என்றோ சொல்வது அவர் வேலை. கூடவே, எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் சேரும் என்று விருந்தாளிகளுக்கு யோசனை சொல்ல வேண்டும். இத்தனைக்கும் அவர் குடிப்பவர் இல்லை. வாயில் ஒரு மடக்கு வைத்துத் துப்பிவிடுவார். வீட்டில் ஒரு பாட்டில்கூடக் கிடையாது. கேட்டால், “தையல்காரன் வீட்டுல எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டா திரியறாங்க?” என்பார்.

ஒரு செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த உணவகம். பதினாலு மேஜை. மதியம்தான் கூட்டம். அத்தான் அங்கே சேர்ந்தது ஒயின் ஊற்ற இல்லை, கோப்பை கழுவ. அதற்கு முன்னால் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருந்தார், அதை மூடிவிட்டார்கள். சேர்ந்த இரண்டாவது வாரம், கழுவித் துடைத்த கோப்பைகளில் ஏழெட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். முதலாளி ஏன் என்று கேட்டதற்கு, “இதுல எல்லாம் அட்டைப்பெட்டி வாடை அடிக்குது சார், பெட்டியிலயே ரொம்ப நாள் இருந்திருக்கும்” என்றாராம். முதலாளி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கோப்பையில் ஒரே ஒயினை ஊற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. “உன் மூக்குக்குள்ள நாய் ஏதாவது குடியிருக்கா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மாதமே அவரைப் பாட்டில் பக்கம் மாற்றிவிட்டார்.

என் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். “மூக்கு என்னோடது, கண்ணாடி உங்க அக்காவோடது” என்பது அத்தானின் நிரந்தர ஜோக். நான் சிரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகியும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை. மாடிப்படியின் பாதியில் நின்றே அன்றைக்கு வீட்டில் என்ன சமையல் என்று சொல்லிவிடுவார். சமையல் மட்டும் இல்லை. “இன்னிக்கு வெங்காயம் ஓரத்துல கருகியிருக்கு மாப்ள. உங்க அக்கா கோவமா இருக்கா. நீ முன்னாடி போ” என்று என்னை முன்னால் தள்ளிவிடுவார். கதவைத் திறந்தால் அக்கா முகம் உர்ரென்று இருக்கும்.

எனக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அந்த உணவகத்தின் மெனு கார்டை நாங்கள்தான் அச்சடித்தோம். அதில் வரும் பிரெஞ்சுப் பெயர்களுக்காக அத்தானிடம் அடிக்கடி போக வேண்டியிருந்தது. அப்படித்தான் அவருக்கும் சமையல் மாஸ்டருக்கும் நடந்த நீண்ட சண்டை எனக்குத் தெரியும்.

மாஸ்டர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அவளை மாஸ்டர் என்றே சொல்வார்கள். அவள் சமையல் எல்லாமே கனம். வாத்துக் காலை அதன் கொழுப்பிலேயே மூழ்க வைத்து மூன்று மணி நேரம் வேக வைப்பாள். பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியைத் தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை அடுப்பில் விடுவாள். உருளைக்கிழங்கு மசியலில் கிழங்குக்குச் சமமாக வெண்ணெய் இருக்கும். இவற்றுக்கு அத்தான் எப்போதும் கனமான, வயதான சிவப்பு ஒயினைத்தான் சொல்வார். பெரிய சாப்பாட்டுக்குப் பெரிய ஒயின் என்பது அவர் கட்சி.

மாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டாள். பிரான்ஸில் பொஜொலே என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே காமே என்ற திராட்சையில் லேசான சிவப்பு ஒயின் செய்கிறார்கள். நிறமே மெல்லியதாக இருக்கும். கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். நாக்கில் புளிப்பு தூக்கலாக இருக்கும், துவர்ப்பு குறைவு. அந்த ஊர்க்காரர்கள் அதை லேசாகக் குளிர வைத்து, கொழுப்பான சாப்பாட்டோடு குடிப்பார்களாம். அதைத்தான் ஊற்ற வேண்டும் என்பாள்.

“அண்ணே, என் சாப்பாடே ஒரு மூட்டை. அதுக்கு மேல நீங்க இன்னொரு மூட்டைய ஏத்துறீங்க. சாப்பிடுறவன் மனுஷனா, லாரியா?”

“மாஸ்டர், நீங்க சொல்றது ஒயினே இல்ல. ஒயினோட நிழல். மூக்குல வச்சா செர்ரிப் பழம்னு சொல்லிட்டு ஓடிப் போயிடுது. அதுகிட்ட பேச்சே இல்ல.”

“சாப்பாட்டுல பேச்சு எதுக்கு அண்ணே? மெல்லணும்.”

இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடியது. இரண்டு பேருக்கும் அந்தச் சண்டை பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். மெனு கார்டில் பொஜொலே கடைசி வரியில் இருந்தது. அத்தான் அதை யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

அவருக்கு ஐம்பத்து நாலு வயதானபோது ஒரு காய்ச்சல் வந்தது. எட்டு நாள் படுக்கையில் இருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை; அந்த வருஷம் நிறையப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். ஒன்பதாம் நாள் எழுந்து குளித்தார். சோப்பில் வாசனை இல்லை. அக்கா மட்டமான சோப்பு வாங்கியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வெளியே வந்து காபி குடித்தார். சூடான, கொஞ்சம் கசப்பான தண்ணீராக இருந்தது. அப்போதும் சொல்லவில்லை. காய்ச்சலில் நாக்கு செத்துப்போவது எல்லோருக்கும் நடப்பதுதானே, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

அக்காவுக்குத் தெரிந்தது மூன்றாவது வாரத்தில். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். அத்தான் அடுப்புக்கு நாலடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் படியிறங்கி வரும்போதே கருகல் வாடை தெருவரை வந்துவிட்டதாம். உள்ளே ஓடி வந்து பார்த்தால் பாத்திரம் அடியோடு கரிந்து, அவர் முதுகுக்குப் பின்னால் புகை. அவர் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?”

அவர் திரும்பிப் பாத்திரத்தைப் பார்த்தார். பின்னால் என்னிடம் இதைச் சொன்னபோது, “அக்காவுக்கு...” என்று ஆரம்பித்தவள், தன்னைத்தானே அக்கா என்று சொல்லிக்கொண்டதைக்கூடக் கவனிக்கவில்லை. “அக்காவுக்கு அந்த நிமிஷம் திட்டுறதா, கட்டிப்பிடிச்சுக்கறதான்னு தெரியல. அவர் என்ன சொன்னாரு தெரியுமா? ‘வாசனை வரல. கொஞ்ச நாளா வரல’ன்னாரு. கரண்டு வரலன்னு சொல்ற மாதிரி.”

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வரலாம், வராமலும் போகலாம் என்றார். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, உப்பு புளிப்பு கசப்பு இனிப்பு தெரியும், ஆனால் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்குடையது, அதுதான் போய்விட்டது என்றார். பயிற்சி ஒன்று கொடுத்தார். நாலு சின்ன டப்பாவில் எலுமிச்சைத் தோல், கிராம்பு, ரோஜா எண்ணெய், தைலம். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அக்கா தினமும் வேலைக்குப் போகும் முன்பு நாலு டப்பாவையும் அவர் முன்னால் வைப்பாள். அவர் வரிசையாக முகர்வார். “ஏதாவது?” என்பாள். “இல்ல” என்பார். பிறகு இரண்டு பேரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது.

உணவகத்தில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்காவிடமும் என்னிடமும் கறாராகச் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவருக்குக் கோபமும் வரவில்லை. அதுதான் எங்களை உறுத்தியது. துக்கப்பட்டால் ஆறுதல் சொல்லலாம். எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அவர் எதுவுமே செய்யவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார். மேலே வேண்டுமா என்றால் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தொலைக்காட்சியை அக்கா அணைத்தால் அணைத்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கும் கண்ணாடியும் ஜோக்கைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தப் பாடாவதி ஜோக்குக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில் அவர்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தது. வேறு ஊரில் இருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் ரயிலில் போனோம். மருத்துவமனை அறையில் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி, துணியில் சுற்றிய குழந்தையை அத்தான் கையில் கொடுத்தாள். “மோந்து பாருப்பா. புதுசாப் பொறந்த வாசனை. நீதானே சொல்லுவ, என்னை மொதமொத தூக்கினப்போ சூடான ரொட்டி மாதிரி இருந்துச்சுன்னு.” அவளுக்கு விஷயம் தெரியாது, பிரசவ நேரத்தில் வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தான் குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கழுத்தையும் இடுப்பையும் சரியாகத் தாங்கி, ஜாக்கிரதையாக, ஒரு பாட்டிலை மேஜைக்குத் திருப்பிக் கொடுப்பது போல மகளிடம் கொடுத்தார். “ஆமா. ரொட்டிதான்” என்றார்.

திரும்பி வரும் ரயிலில் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “வருத்தமா இருக்கா அத்தான்?” என்று கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னார். “வருத்தம்னு சொல்ல முடியல மாப்ள. கால் மரத்துப்போனா அதைத் தட்டிப் பார்ப்போம்ல? நம்ம கால்தான்னு தெரியும். ஆனா வேற யாரோடதோ மாதிரி இருக்கும். அப்படி இருக்கு. எல்லாமே.”

வேலையில் அவர் மாட்டிக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷ ஞாபகம் கைவசம் இருந்தது. எந்தப் பாட்டிலில் என்ன வாசனை என்பது அவருக்கு மனப்பாடம்; நிறத்தையும் வருஷத்தையும் பார்த்தே சொல்லிவிடுவார். தக்கையை மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார், தலையை ஆட்டுவார். முன்பைவிடக் குறைவாகப் பேசியதால் விருந்தாளிகளுக்கு மரியாதை கூடிவிட்டது. முதலாளி ஒரு தடவை, “மூக்கு, வயசாக வயசாக உனக்கு ஒரு ஞானி களை வந்துடுச்சுய்யா” என்று முதுகில் தட்டினாராம். அத்தான் அதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அவர் ஏன் சிரிக்கிறாய் என்பது போலப் பார்த்தார்.

பதினோரு மாதம் இப்படிப் போனது.

ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் மனைவியோடு மாதம் ஒருமுறை அங்கே சாப்பிட வருவார். எப்போதும் ஜன்னலோர மேஜை. அத்தான் என்ன ஊற்றுகிறாரோ அதுதான் குடிப்பார்கள். பட்டியலைத் திறந்து பார்க்கவே மாட்டார்கள். அந்த மாதம் அவர்கள் வந்த நாளில் கல்யாணமாகி நாற்பது வருஷம். வாத்துக் கால் சொன்னார்கள். அத்தான் பழைய பாட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திறந்தார். முகர்ந்தார். வாயில் வைத்துப் பார்த்தார். புளிப்பும் துவர்ப்பும் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. “அருமையா வந்திருக்கு டாக்டர்” என்று ஊற்றினார். இரண்டு பேரும் ஒரு வாய் குடித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். மெதுவாக, சாப்பாட்டோடு சேர்த்து, முக்கால் பாட்டிலைக் காலி செய்துவிட்டுக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

மீந்த ஒயினை மாஸ்டர் குழம்புக்குப் பயன்படுத்துவது வழக்கம். பாட்டிலை வாங்கி வாணலிமேல் சாய்த்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். தக்கையில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன பாட்டில் அது. நனைந்த கோணியும் பூட்டிக் கிடந்த நிலவறையும் சேர்ந்த வாடை. யார் மூக்குக்கும் தெரியும். அவர் மூக்குக்கு அது அறையின் மறுகோடியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அவள் பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டாள். கூட்டம் முடிந்து மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே இருப்பதன் நிறம் தெரியாத ஒரு கறுப்புக் கோப்பையை அத்தானிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

“அண்ணே, புதுசா ஒரு சாறு எறக்கியிருக்கேன். மோந்து பாத்துச் சொல்லுங்க.”

அத்தான் முகர்ந்தார். “நல்லா வந்திருக்கு மாஸ்டர். கொஞ்சம் வெண்ணெய் சேக்கலாம்.”

“மீன் கழுவின தண்ணி அண்ணே.”

அத்தான் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளா?”

“பதினோரு மாசம்.”

“வீட்ல தெரியுமா?”

“தெரியும்.”

“இங்க?”

“இப்ப உங்களுக்கு.”

அவள் ஜன்னலோர மேஜையைக் காட்டினாள். “அவங்க குடிச்சது கெட்ட பாட்டில். முக்கால்வாசி குடிச்சிட்டுப் போயிருக்காங்க. நீங்க சொன்னீங்கன்னு.”

அத்தான் பின்னால் என்னிடம் சொன்னது இது: அந்த நிமிஷத்தில் தலையில் இடி விழுந்திருக்க வேண்டும், விழவில்லை, சரி, இப்போது முதலாளியிடம் சொல்ல வேண்டும், உணவகம் கொடுத்த மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்ட வேண்டும், இந்த இரண்டும்தான் தோன்றியது.

அவர் சட்டைப் பொத்தானில் கை வைத்ததும் மாஸ்டர், “எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க” என்றாள். குரல் கொஞ்சம் அதட்டலாகவே இருந்ததாம். சமையலறைக்குள் இருந்த எஃகு மேஜை முன்னால் உட்கார வைத்து, மீந்திருந்த பன்றி இறைச்சியில் ஒரு துண்டைச் சுட வைத்துக் கொடுத்தாள்.

“மூக்கை விடுங்க. வாயில என்ன தெரியுது, அதை மட்டும் சொல்லுங்க.”

“சூடு. உப்பு.” அத்தான் மென்றார். “தோல் நொறுங்குது. அப்புறம் வழவழன்னு. நாக்கு மேல மெழுகு பூசின மாதிரி.”

“அது கொழுப்பு. இப்ப இது.” அவர் எப்போதும் சிபாரிசு செய்யும் கனமான ஒயினை ஊற்றினாள்.

குடித்தார். “கன்னத்தை உள்ள இழுக்குது. கம்பளித் துணிய வாயில வச்ச மாதிரி. மெழுகு மேல கம்பளி.”

“போதுமா, இன்னொரு துண்டு சாப்பிடுவீங்களா?”

“வேணாம்.”

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னாள். மறுபடி ஒரு துண்டு இறைச்சி. பிறகு குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்திருந்த பொஜொலேயை எடுத்தாள். எத்தனை வருஷச் சண்டை அந்தப் பாட்டில்மேல்! அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. ஊற்றிக் கொடுத்தாள்.

அத்தான் ஒரு மடக்குக் குடித்தார்.

“சொல்லுங்க அண்ணே.”

“குளிர்ச்சி. புளிப்பு, ரெண்டு பக்கமும். அந்த மெழுகு...” நாக்கை வாய்க்குள் சுழற்றிப் பார்த்தார். “போயிடுச்சு. வாய் காலியா இருக்கு.”

“அப்புறம்?”

“அந்தத் தட்டைக் கொஞ்சம் தள்ளுங்க.”

அவர் இன்னொரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு துண்டு. பதினோரு மாதத்தில் யாரும் சொல்லாமல் அவராகக் கேட்டு மேலே எடுத்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்ததா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். ருசியாக இருந்ததா? ருசி எங்கே இருந்தது, ஒன்று பூசுகிறது, ஒன்று கழுவுகிறது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு கத்தினார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். “இருபத்தாறு வருஷமா உன் மூக்குலதான்யா இந்தக் கடைய நடத்திக்கிட்டு இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” மறுநாளிலிருந்து அவரை வாசலில் உட்கார வைத்தார்கள். தொலைபேசியை எடுத்து, யாருக்கு எந்த மேஜை என்று நோட்டில் குறிப்பது அவர் வேலை. பாட்டில்களை முகர்வதை மாஸ்டர் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் அத்தான். தனியாக விட வேண்டாம் என்று அக்கா என்னையும் கூட அனுப்பினாள். டாக்டர்தான் கதவைத் திறந்தார். வீட்டு உடையில் அவரை அடையாளமே தெரியவில்லை. உள்ளே உட்கார்ந்ததும் அத்தான் சுற்றி வளைக்காமல் சொன்னார். “அன்னிக்கு நான் குடுத்தது கெட்டுப்போன பாட்டில் டாக்டர். எனக்கு வாசனை தெரியாது. கிட்டத்தட்ட ஒரு வருஷமா தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். உங்க நாளைக் கெடுத்துட்டேன்.”

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“நான் நெனச்சேன், இவருக்குப் புடிச்சிருக்கு போலன்னு.”

“நீ ரசிச்சுக் குடிக்கிறன்னு நான் நெனச்சேன்” என்றார் டாக்டர்.

“ஈரச் சாக்கு மாதிரி இருந்துச்சு!”

“எனக்கும்தான்! சொல்ல வேண்டியதுதானே?”

“நீங்க சொன்னீங்களா?”

அவர்கள் பாட்டுக்குச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். இதே மாதிரி நாற்பது வருஷத்தில் இன்னும் என்னென்ன சொல்லாமல் விழுங்கினார்கள் என்று ஒரு பட்டியல் கிளம்பியது. கூடத்தின் பச்சைச் சுவர் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லையாம். கடற்கரைக்குப் போன பயணமும் பிடிக்கவில்லையாம். நானும் சிரித்தேன். அத்தான் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, யாரோ புரியாத மொழியில் பேசுவதைக் கேட்பவர் போல மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது டாக்டர் அவர் தோளில் கை வைத்து, “வருத்தப்படாதீங்க” என்றார். “வருத்தப்படத்தான் டாக்டர் பாக்கறேன்” என்றார் அத்தான். அது ஜோக் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

வாசல் நாற்காலியில் ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் வேலை முடிந்ததும் மாஸ்டர் அவரைச் சமையலறைக்குக் கூப்பிடுவாள். ஒவ்வொரு சாப்பாட்டையும் வாயால் மட்டும் சொல்லச் சொல்வாள். முதலில் அவர்மேல் இரக்கப்பட்டுச் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அவர் சொன்னதைக் கேட்டுச் சமையலையே மாற்றிக்கொண்டிருந்தாள். மசியல் மேலண்ணத்தில் ஒட்டுகிறது என்றார், வெண்ணெயைக் குறைத்தாள். வாத்துத் தோல் ஓரத்தில் மட்டும் மொறுமொறுப்பு என்றார். அடுப்புக்குள் அதை வைக்கும் இடத்தை மாற்றினாள். வாசனை மயக்காத ஒருவன் சொல்வது கணக்காக இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னாளாம்.

எட்டாவது மாதம் முதலாளி அவரை மறுபடி மேஜைப் பக்கம் அனுப்பினார். ஒரே ஒரு பாட்டிலோடு. கனமான சாப்பாடு சொல்கிறவர்களுக்குப் பொஜொலே ஊற்றுவது மட்டும் அவர் பொறுப்பு. மற்றதையெல்லாம் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். பாட்டிலைத் திறந்து மாஸ்டர் முகர்ந்து சரி என்ற பிறகுதான் அவர் கைக்கு வரும். நான் மெனு கார்டில் கடைசி வரியிலிருந்த பெயரை வெட்டி எடுத்து வாத்துக்கும் பன்றிக்கும் நேர் எதிரே வைத்தேன். எனக்கு நினைவிருக்கிற திருத்தங்களில் அது ஒன்று.

விருந்தாளிகளிடம் அவர் ஒளிக்கவில்லை. “எனக்கு வாசனை தெரியாதுங்க. இதுல என்ன பழ வாசனை வரும்னு நீங்கதான் சொல்லணும். ஆனா இந்தச் சாப்பாட்டுல கொழுப்பு அதிகம். நாலாவது வாய்க்கே திகட்டிடும். இது குளிர்ச்சியா புளிப்பா இருக்கும், வாயைக் கழுவி விட்டுடும். அவ்வளவுதான்.” சிலருக்கு அது பிடித்திருந்தது. சிலர் முகம் சுளித்து வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னார்கள். வாசனை தெரியாதவன் ஒயின் ஊற்றுவதா என்று ஒருவர் சத்தம்கூடப் போட்டார். அத்தான் இரண்டு வகையினருக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார். பழைய வாடிக்கையாளர்களில் கால்வாசிப் பேர் வராமல் போனார்கள். பல் டாக்டரும் மனைவியும் வந்தார்கள். இப்போது சாப்பாடு வந்ததும், பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஒருவருக்கொருவர் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்களாம்.

மூக்கு திரும்பவில்லை. மூன்று வருஷம் ஆகிறது. நாலு டப்பாவையும் அக்கா ஒரு நாள் கழுவி அஞ்சறைப்பெட்டிச் சாமான்களை அதில் போட்டுவிட்டாள். அத்தான் கேட்கவில்லை. மகளுக்கு இப்போது தெரியும். தொலைபேசியில் அவள் அழுதாள். இவர் அவள் அழுது முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

போன மாதம் அக்கா திடீரென்று, “அவர் கடையில போய்ச் சாப்பிடலாம்டா” என்றாள். அவர் அங்கே வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் படியேறியதில்லை. அவள் கடைக்கு விடுமுறை நாளில், மதியம், நானும் அவளும் போனோம். அத்தானிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவைப் பார்த்து, “உக்காருங்க. என்ன சாப்பிடுறீங்க?” என்றார். அக்காவை அவர் நீங்க என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அக்காவுக்கு வெட்கம் வந்துவிட்டது.

பன்றி இறைச்சி வந்தது. அவர் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் கோப்பையில் இரண்டு விரற்கடை ஊற்றினார். அவள் வாழ்நாளில் குடித்ததில்லை. மருந்து குடிப்பது போலக் கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள்.

“புளிக்குது.”

“ம். அப்புறம்?”

“சில்லுனு இருக்கு. மூக்குல ஏதோ பழம் மாதிரி...” சொல்லிவிட்டு அவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“சொல்லு. என்ன பழம்?”

அவள் மறுபடி கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். மெதுவாக, கடையில் கண்ணாடி வில்லையை வெளிச்சத்தில் பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். சிவப்பான பழம். இனிப்பு இல்லை, பழத்தின் தோல் மாதிரி. மழை பெய்து நின்ற கல். இன்னும் ஏதோ பூ, பெயர் தெரியவில்லை. அத்தான் பாட்டிலைக் கையில் பிடித்தபடி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் நகரவும் இல்லை. நாலாம் நம்பர் மேஜையில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

“ஏங்க, அங்க கூப்பிடுறாங்க” என்றாள் அக்கா.

“போறேன்” என்றார். அவள் தட்டில் இன்னொரு துண்டை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.